பாதிரியார் வீட்டின் பக்கவாசல்

மனோர் பார்க்கில் நாங்கள் வாடகைக்கு எடுத்த வீடு ஒரு காலத்தில் பாதிரியாருக்கென்று கட்டியது. அதற்கு மூன்று வாசல். முன்வாசல் விருந்தாளிகளுக்கு, பின்வாசல் வேலைக்காரருக்கு. பக்கவாசல் துக்கம் சொல்ல வருகிறவர்களுக்கு. வீட்டுக்குள் கால் வைக்காமலே நேரே அவருடைய வாசிப்பறைக்குள் போய் அழுதுவிட்டு வரலாம். கட்டியவன் கெட்டிக்காரன்.

அந்தப் பக்கவாசலை அடைத்துவிடத்தான் நினைத்தேன். பழைய கட்டடம், ஒரு செங்கல்லைத் தொடவும் கவுன்சில் விடாது என்றார் வீட்டுக்காரர். கிழக்குப் பார்த்த அறை என்று மனைவி அங்கேயே சாமிப்படங்களை வைத்தாள். வந்தது வினை.

ஒரு சனிக்கிழமை, மனைவியின் கட்டளைப்படி, இடுப்பில் சாரத்தோடும் வெறும் மேலோடும் படங்களுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன். பக்கவாசல் மணி அடித்தது. திறந்தால் ஒரு வெள்ளைக்காரக் கிழவர், கூடவே நாய். விறுவிறென்று வந்து சுவரோரம் கிடந்த நீள மர வாங்கில் உட்கார்ந்தார். திங்கட்கிழமை அவர் மனைவிக்கு இதய ஆபரேஷனாம். சின்ன வயதிலிருந்தே கஷ்டமென்றால் இந்த வாசலுக்குத்தான் வருவாராம். அவளுக்காக நான் பிரார்த்திக்க வேண்டுமாம்.

நான் பாதிரி இல்லை, பஸ் ஓட்டுகிறவன் என்றேன். அவர் முருகனையும் சாரத்துக்கு மேல் தள்ளி நின்ற என் தொந்தியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பரவாயில்லை, முன்பு இருந்தவரும் அப்படியொன்றும் பெரிய ஆளில்லை" என்றார் ஆங்கிலத்தில்.

"வாசலுக்கு வந்த மனுசனை வெறுங்கையோடை அனுப்பேலாது" என்று மனைவி கற்பூரத்தைக் கொளுத்தினாள்.

"உமக்கென்ன விசரே?" என்றேன். யார் கேட்டார்கள்? புகை அலாரம் அலறியது. கிழவர் அதற்கும் ஆமென் சொன்னார். என் கையாலேயே அவருக்குத் திருநீறு பூச வைத்தாள். நாய்க்கும்தான்.

"வைரவரின்ரை வாகனமெல்லோ!" என்றாள்.

அவர் போனபிறகுதான் பயம் பிடித்தது. கடவுளே இல்லை என்று ஊரெல்லாம் வாயடிக்கிறவன் நான். அந்த அம்மா பிழைக்காவிட்டால்? கிழவர் திரும்பி வந்து அதே வாங்கில் உட்கார்ந்தால் என்ன சொல்வேன்? மணி அடித்தாலே நெஞ்சு பக்கென்றது. நின்றவன் பார்சல்காரன் என்று கண்டு ஒருநாள் அவனைக் கட்டிப்பிடிக்காத குறை.

சில வாரங்கள் கழித்து ஒரு பின்னேரம் மறுபடியும் மணி. முருகா, காப்பாற்று என்று சொல்லிக்கொண்டே ஓடிப்போய்ப் பக்கவாசலைத் திறந்தேன். யாருமில்லை. மணி மட்டும் விடாமல் அடித்தது.

ஜன்னலால் எட்டிப் பார்த்த மனைவி கத்தினாள்.

"இஞ்சாருங்கோ, அந்த மனுசன் மனுசியையும் கூட்டிக்கொண்டு முன்வாசல்லை நிக்கிறார்! ஓடிப்போய்ச் சேர்ட்டைப் போடுங்கோ. விருந்தாளியள் வந்திருக்கினம்!"

சந்தோஷத்தில் சேர்ட்டின் கை எந்தப் பக்கம் என்றே எனக்குத் தெரியவில்லை.