உப்புப் போட்டவள்

என் அக்காவின் கணவர், எங்கள் அத்தான், ஒரு திங்கட்கிழமை சாப்பாட்டு மேசையில் சொன்னார்: "அந்தக் கல்லூரி வேலை வேண்டாம்னு எழுதிடலாம்னு இருக்கேன். வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் கேட்டிருக்காங்க."

அக்கா மேசையின் மறுமுனையில் துவைத்த காலுறைகளுக்கு ஜோடி தேடிக்கொண்டிருந்தாள்.

"நிரந்தர வேலை, விட்டா கிடைக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றேன்.

"சொன்னேன். இப்ப தொட்டியில அஞ்சு கிடைச்சிருக்கு. அஞ்சும் அச்சு அசலா, நாங்க எதிர்பார்த்த மாதிரியே. இந்த நேரத்துல கிளம்பினா, பஸ்ஸுக்கு மணிக்கணக்கா நின்னுட்டு, அது வளைவுல திரும்பறப்போ வீட்டுக்கு நடக்கறவன் கதையாயிடும்."

"அஞ்சுல உப்பு எத்தனையோ?"

"பாரு, உன் தங்கச்சிக்கும் வாய் வந்துடுச்சு," என்று அக்காவிடம் சொன்னார். "உப்பா இருந்தா எனக்குத் தெரியாதா? நீ ஏன் வாயே திறக்க மாட்டேங்குற?"

"உங்க வேலை. நீங்கதான் முடிவு பண்ணணும்."

"இது ஒரு பதிலா?"

"கறுப்புல ஒண்ணு குறையுது," என்று எழுந்து, அக்கா துணி காயும் இடத்துக்குப் போனாள்.

நான் அப்போது அவர்கள் வீட்டில் தங்கி மொழிபெயர்ப்பு படித்துக்கொண்டிருந்தேன். இருவரும் வேலை பார்த்த ஆய்வுக்கூடம் பழைய சுரங்கம் ஒன்றின் அடியில் இருந்தது. அங்கிருந்த கருவிக்கு டைம் ப்ரொஜெக்‌ஷன் சேம்பர் என்று பெயர். பேச்சில் எல்லோருக்கும் அது தொட்டிதான். கடுங்குளிரில் திரவமாக்கிய செனான் வாயு நிரப்பிய எஃகுத் தொட்டி. ஏதாவது ஒரு துகள் உள்ளே வந்து ஓர் அணுவில் இடித்தால் சின்னதாக ஓர் ஒளி மினுங்கும். இடித்த இடத்தில் சிதறிய எலக்ட்ரான்களை மின்புலம் மேலே இழுக்கும். அவை திரவத்தின் மேற்பரப்பைத் தாண்டும்போது இரண்டாவது ஒளி. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு நேரம் ஆனது என்று பார்த்தால், துகள் எவ்வளவு ஆழத்தில் இடித்தது என்று தெரிந்துவிடும். இதுவரை யாரும் பிடிக்காத, டார்க் மேட்டர் என்னும் கரும்பொருளின் துகள் ஒன்றாவது வந்து இடிக்காதா என்று காத்திருப்பதுதான் அவர்கள் வேலை.

காத்துக் காத்து இருப்பவர்களுக்கு எதைப் பார்த்தாலும் அதுவாகத் தோன்றும். அதனால் அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் சில பொய் நிகழ்வுகளைத் தயாரித்து உண்மையான பதிவுகளோடு கலந்துவிடுவார். அதற்குப் பெயர் உப்புப் போடுவது. கலந்தவர் யார், எத்தனை கலந்தார் என்பது அவருக்கும் குழுத் தலைவருக்கும் மட்டும் தெரியும். எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று எல்லோரும் கூடி விதி வகுத்து, இனி மாற்ற மாட்டோம் என்று கை தூக்கிய பிறகே உப்பைப் பிரித்தெடுப்பார்கள்.

அந்த ஆண்டு உப்புப் போட்டவள் என் அக்கா.

எனக்கே அது பின்னால்தான் தெரிந்தது. பொய் சொன்னால் முகத்தில் எழுதி ஒட்டியது போலத் தெரியும் என்று பெயர் எடுத்தவள் அவள். சின்ன வயதில் நல்ல சீட்டு வந்ததும் அவள் காது சிவந்துவிடும்; அவளுக்கு எதிரே உட்கார நானும் அண்ணனும் சண்டை போடுவோம். கணவரும் இதே குழுவில் இருக்கிறாரே என்று அவள் தயங்கியபோது தலைவர், "உங்க முகத்தை எல்லாருக்கும் தெரியும். அதனாலதாம்மா யாருக்கும் சந்தேகம் வராது" என்றாராம்.

அவள் எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவள். ஆழத்தில் இடித்ததாகக் காட்ட இரண்டாம் ஒளியைச் சற்று அகலமாக்க வேண்டும். நெடுந்தூரம் ஏறி வரும் எலக்ட்ரான்கள் வழியில் பரவிவிடும். அதையெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்தாள். அத்தான் எதை நம்புவார், எதைக் கண்டால் முகம் சுளிப்பார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

அத்தானின் ஒப்பந்தம் அந்த ஆண்டோடு முடிகிறது. ஐந்தும் நிஜமானால் அவரைப் போகச் சொல்ல யாருக்கும் மனம் வராது. பொய்யானால் இந்த வேலையும் இல்லை, அந்த வேலையும் இல்லை. அக்காவுக்கு விடை தெரியும். சொல்லிவிட்டால் குழுவின் முடிவையே நம்ப முடியாமல் போகும். முழுதாகச் சொல்லக்கூட வேண்டாம். "அங்கேயே போய்ச் சேருங்க" என்று ஒரு வார்த்தை போதும், அவர் புரிந்துகொள்வார்.

வெள்ளிக்கிழமை காலை அவர் வேண்டாம் என்று எழுதி அனுப்பினார்.

அடுத்த மாதம் கூட்டத்தில் எல்லோரும் கை தூக்கினார்கள். "உப்புப் போட்டவர் எழுந்திருக்கலாம்," என்றார் தலைவர். அக்கா எழுந்தாள். தண்ணீர் எடுக்கப் போகிறாள் என்று நினைத்து, "எனக்கும் ஒரு கிளாஸ்" என்றாராம் அத்தான். இதை இருவரும் தனித்தனியே என்னிடம் சொன்னார்கள். ஒரு சொல்கூட மாறவில்லை.

ஐந்தும் அவள் போட்டவை.

அதன் பிறகு கொஞ்ச காலம் அவர் என் வழியாகத்தான் அவளோடு பேசினார். "உங்க அக்காகிட்ட கேளு, சாவி எங்கன்னு." அக்கா பக்கத்திலேயே நிற்பாள். ஒரு நாள் பாத்திரம் துடைத்துக்கொண்டே அவளிடமே கேட்டார்.

"மொத்தம் எத்தனை போட்டே?"

"ஆறு."

"ஆறா?"

"ஒண்ணை நீங்க தள்ளிட்டீங்க. மேல்பரப்புக்குப் பக்கத்துல இருந்தது."

"அது மட்டமா இருந்துச்சு."

"அவசரத்துல பண்ணது."

கையிலிருந்த தட்டை அவர் கீழே வைத்தார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா உங்களால அன்னைக்குக் கை தூக்கியிருக்க முடியுமா?"

"முடியாது," என்றார். தட்டை எடுத்து மறுபடி துடைத்தார். அந்தப் பேச்சை அதன் பிறகு அவர் எடுத்ததில்லை. இப்போது ஒரு பள்ளியில் அரை நாள் பாடம் எடுக்கிறார். அக்கா சுரங்கத்துக்குப் போய் வருகிறாள்.

புருஷனுக்கு வேலை போகிறது என்று தெரிந்தும் எப்படி வாயை மூடிக்கொண்டிருந்தாள், அவளுக்குக் கல் நெஞ்சா என்று அம்மாவே என்னிடம் கேட்டிருக்கிறாள். எனக்கு அத்தான் கல்லூரிக்குப் பதில் எழுதிய அந்த வாரத்துச் செவ்வாய்க்கிழமைதான் நினைவுக்கு வரும். நான் நூலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அக்கா செருப்பு அலமாரி அருகே வந்து நின்றாள். அவளுக்கும் அத்தானுக்கும் ஏதோ சண்டை என்று நினைத்தேன்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் எங்கேயும் போகாதே," என்றாள். "அவர் இருக்கற ரூம்ல நான் இருந்தா, நீயும் வந்து உக்காந்துக்கோ. எதையாவது பேசிக்கிட்டே இரு. எங்க ரெண்டு பேரையும் தனியா விட்டுடாதே."