கோர்ட்டில் கொட்டிய மணல்

பி.டி. டீச்சர் வேலையை விட்டு பேடல் கோச்சாக நான் சேர்ந்தபோது, கேஜிஎஃப் தங்கவயலில் அந்த விளையாட்டின் பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை. பெங்களூருக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்தேன். டென்னிஸ் மாதிரிதான், ஆனால் சுற்றிலும் கண்ணாடியும் கம்பிவலையும் அடைத்த கோர்ட். ஜோடி ஜோடியாக ஆடவேண்டும். தரையில் குத்தி எழும்பி கண்ணாடியில் பட்டுத் திரும்பும் பந்தையும் அடிக்கலாம். ஊரின் கோரமண்டல் பகுதியில் எங்கள் கோர்ட்டைப் பார்த்தவர்கள் மீன்தொட்டி என்றார்கள்.

திறப்பு நாள் காலையில் நானும், ஸ்கெலட்டன் குடியிருப்பிலிருந்து வரும் துணைக் கோச் தேவியும் ஆடிப்பார்த்தோம். செயற்கைப் புல் சாயாமல் நிற்க அதன் நடுவே முந்தின நாள்தான் மணல் நிரப்பியிருந்தார்கள். பின்கண்ணாடியில் பட்டு வந்த பந்துக்காக தேவி சறுக்கினாள். முழங்கால் உயரத்துக்கு வெள்ளைப் புழுதி கிளம்பியது. அவளுக்கு இருமல் வந்தது.

"இன்னாக்கா மண்ணு இது? மாவு மாதிரி ஒட்டுது."

நானும் அள்ளிப் பார்த்தேன். கோர்ட் மணல் விரலிடுக்கில் உருண்டு ஓடவேண்டும். இது உள்ளங்கையில் அப்பிக்கொண்டது. இரண்டு பேரும் சைனைட் டம்ப் இருக்கும் பக்கம் திரும்பினோம். சைனைட் போட்டுத் தங்கத்தைப் பிரித்தபின் சுரங்கத்துக்காரர்கள் மலைமலையாகக் கொட்டிவிட்டுப் போன கழிவு அது. காற்றடிக்கிற மாதத்தில் சோற்றுத் தட்டை மூடி வைத்துத்தான் நாங்கள் வளர்ந்தோம்.

அதே மண்தானா என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. இல்லையென்றால் திறப்பு விழாவைக் கெடுத்தவள் என்று வேலை போகும். ஆமாம் என்றால், மாலையில் பிள்ளைகள் இதில் விழுந்து புரளப்போகிறார்கள். கேட்டைப் பூட்டிவிட்டு ஓனர் பிரகாஷுக்கு போன் போட்டேன்.

வந்தவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. "மேடம், எல்லா பேரண்ட்ஸுக்கும் சொல்லியாச்சு. தண்ணி தெளிச்சு இன்னைக்கு ஒருநாள் அட்ஜஸ்ட் பண்ணுங்க."

"மணல் எங்கேர்ந்து வந்துச்சுன்னு மட்டும் கேளுங்க சார். அப்புறம் நானே திறந்து வுடறேன்."

சப்ளையரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார்.

"நல்ல மணல்தான் சார். இங்கயே பக்கத்துல கெடச்சுது."

"பக்கத்துலன்னா எங்க?"

"அத்த இன்னாத்துக்கு சார் கேக்கறீங்க? வெள்ளையாத்தானே கேட்டீங்க."

லைன் கட்டானது. திரும்ப அடித்தால் எடுக்கவில்லை. பிரகாஷ் குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி, உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தார். "சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார்.

மாலையில் வந்தவர்களிடம் அவரே போய், கோர்ட் இன்னும் தயாராகவில்லை என்றார். முணுமுணுத்துக்கொண்டு போனார்கள். சிலர் அப்புறம் வரவே இல்லை. மணலை மெஷின் வைத்து உறிஞ்சி எடுத்து, புல்லையும் மாற்றி, கோர்ட் திறப்பதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. அது எந்த மண் என்று கடைசிவரை ருசுவாகவில்லை.

ஊருக்குப் புதிய விளையாட்டில் எது சரி, எது தப்பு என்று பெற்றோருக்குத் தெரியாது. கோச் சொன்னால் சரியென்று பிள்ளைகளை உள்ளே அனுப்பிவிடுவார்கள். இந்த வேலைக்கு வருகிறவர்கள் அந்த நம்பிக்கையைப் பார்த்துக் கொஞ்சம் பயப்படவேண்டும். எனக்கு இன்னும் பயமாகத்தான் இருக்கிறது.