பெரியத்தான் ஏற்ற பழி

வெள்ளிக்கிழமை காலை, கோப்பாயில் எங்கள் வாடகை வீட்டுக் கிணற்றடியில் முளைக்கீரையை ஐந்தாம் தரம் அலசிக்கொண்டு நின்றேன். ஒழுங்கையால் சைக்கிளில் வந்த சின்னராசா அண்ணை வேலியடியில் ஒரு காலை ஊன்றி, "பிள்ளை, மனுசன் நிக்கிறாரோ?" என்று கேட்டார். என் கணவரின் ஊரான வடகரையிலிருந்து அவர் இவ்வளவு தூரம் உழக்கி வந்ததே செய்தியைச் சொல்லிவிட்டது. "விடியப்புறம் செல்லத்துரை அண்ணை மோசம் போயிட்டார்" என்றார். என் கணவர் உள்ளேயிருந்து வந்து கேட்டார். "சரி, வாறம்" என்றார்.

முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த கல்வெட்டு நினைவுமலரில் எல்லோரும் எழுதினார்கள். என்னையும் கேட்டார்கள். நான் எழுதவில்லை. அன்று எழுதியிருந்தால் பொய் எழுதியிருப்பேன். அதனால்தான் இப்போது, பிந்தி, ஊர் வாசிகசாலைப் பத்திரிகைக்கு இதை எழுதுகிறேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். செல்லத்துரை அவர்கள் என் கணவரின் மூத்த சகோதரர். எனக்குப் பெரியத்தான். தகப்பனார் கடலில் போனபின் பதினாறு வயதில் வள்ளமேறித் தம்பியைப் படிப்பித்தவர். தான் கலியாணம் கட்டவில்லை. கேட்டால், "ஆர் அந்தப் பாவத்தைத் தலையிலை சுமக்கிறது? இந்த மணத்தோடை ஒருத்தி இருப்பாளோ?" என்று சட்டையை மணந்து காட்டிச் சிரிப்பார்.

கரையிலே அவருடைய பெயர் நின்றது ஈயக் குண்டுகளால். வலையின் அடிக்கயிறு நிலத்தில் இருக்க வேண்டுமானால் குண்டு வேண்டும். வெளிநாட்டுச் சாமான் எதுவும் வராத அந்த எழுபதுகளில் ஈயத்துக்கு எங்கே போவது? பட்டணத்திலிருந்து பழைய லொறிப் பற்றறிகளை வாங்கி வந்து, வளவின் பின்பக்கம் உடைத்து, தகடுகளைத் தாச்சியில் உருக்கி, களிமண் அச்சில் வார்ப்பார். நடுவில் ஓர் ஈர்க்கைச் செருகிவிட்டால் கயிறு கோக்கத் துவாரம் வந்துவிடும். ஒரு குண்டு மற்றதைவிட ஒரு குன்றிமணி எடை கூடாது என்று அவரோடு வள்ளமேறிய சின்னராசா அண்ணை இன்றும் சொல்வார்.

நான் அந்த வீட்டுக்கு வந்தபோது சயன்ஸ் படித்த பெண். அதைச் சொல்லும்போதே கூச்சமாக இருக்கிறது. என் கணவருக்குக் கொழும்புக் கந்தோரில் வேலை. மாதத்துக்கு ஒருதரம் வருவார். வீட்டில் மாமி, பெரியத்தான், நான், கைக்குழந்தை வதனி. பிள்ளை ஒருதரம் தும்மினால் நான் பத்துத்தரம் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன்.

அந்த மாரியில் மழை விடவில்லை. விறகுக்கு வைத்திருந்த பனை ஊமலும் பன்னாடையும் நனைந்து, அடுப்பு புகைந்ததே தவிர எரியவில்லை. பற்றறிக்குள் தகடுகளுக்கு இடையே மெல்லிய பலகைகள் இருக்கும். பெரியத்தான் அவற்றைக் கழற்றி, எறிவதற்காகக் கொட்டிலுக்குள் குவித்து வைத்திருந்தார். நான் இரண்டை எடுத்தபோது கண்டுவிட்டார்.

"பிள்ளை, உதை அடுப்பிலை வைக்காதை. அசிட் ஊறின பலகை."

"ஓம் பெரியத்தான்" என்றேன்.

ஆனால் பலகை காய்ந்திருந்தது. கடதாசிபோலப் பற்றியது. அசிட்டெல்லாம் எப்போதோ காய்ந்திருக்கும் என்று என் படிப்பு எனக்குச் சொன்னது. அவர் கடலுக்குப் போன நேரங்களில் எடுத்தேன். பிள்ளைக்கு முழுகவார்க்கும் தண்ணீரைச் சுடவைத்தேன். முழுகவார்த்தபின் அந்தத் தணலிலேயே சாம்பிராணி தூவி, ஈரத்தலையைப் புகைமேல் பிடித்து, "புகையைக் குடி, சளியை விடு" என்று கொஞ்சினேன். நாள்தோறும், மாரி முழுவதும்.

முதலில் கோழிகள் விழுந்தன. அவை வளவில் சிந்திய ஈயத் துணிக்கைகளைக் குறுணிக்கல் என்று கொத்தித் தின்றிருக்கின்றன. கழுத்துத் தொங்கி, செட்டை விழுந்து, ஒவ்வொன்றாய்ப் போயின. செத்த கோழியைக் கிழித்த காகங்களும் வேலியடியில் கிடந்தன. மாமி கண்ணூறு என்றார். பெரியத்தான் ஒரு காகத்தைத் தூக்கிப் பார்த்து, "கண்ணூறு கோழிக்கு வரும் ஆச்சி, காகத்தை ஆர் பாத்து எரியிறது?" என்றார். அன்றே கோழிகளைக் கூட்டில் அடைத்தார்.

பிறகு வதனி. சத்தி, வயிற்றுக்குத்து, வெளிறிய முகம். தவழ்ந்து திரிந்த பிள்ளை ஓய்ந்து கிடந்தாள். ஒரு மத்தியானம் கைகால் இழுத்தது. பெரியத்தான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு றோட்டுக்கு ஓடி, போன லொறியை மறித்தார். ஆஸ்பத்திரியில் டொக்டர் பிள்ளையின் வாயைத் திறந்து, புதிதாய் முளைத்த பற்களடியில் ஈறோரம் நீலமாய் ஓடிய கோட்டைப் பார்த்தார். "வீட்டிலை ஆரும் ஈயம் உருக்கிறவையோ?" என்று கேட்டார். "நான்" என்றார் பெரியத்தான். "தனியப் புழுதியாலை இவ்வளவு ஏறாது. ஏதும் எரிச்சனீங்களோ? பற்றறிப் பலகை மாதிரி?" என்றார் டொக்டர்.

நான் குனிந்து பிள்ளையின் சட்டையை இழுத்துவிட்டேன். பெரியத்தான் என்னைப் பார்க்கவில்லை. அடுத்த பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்.

தந்தி கிடைத்து என் கணவர் வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரி விறாந்தையில் மாமியும் நானும் இருக்க, பெரியத்தான் தாமே தொடங்கினார். "தம்பி, பலகையை அடுப்படியிலை வைச்சது நான்தான். காய்ஞ்ச விறகெண்டு நினைச்சுப்போட்டன். உன்ரை மனுசிக்குத் தெரியாது. நான் குடுத்ததை எரிச்சவள்."

"என்ரை பிள்ளையோ அண்ணை உனக்குக் கிடைச்சது? அவள் செத்தால் என்ன செய்வாய்?"

"நானும் சாவன்" என்றார் பெரியத்தான். இரைந்துகூடச் சொல்லவில்லை.

நான் வாய் திறக்கவில்லை. அதுதான் நான் செய்த இரண்டாவது பிழை. முதலாவதைவிடப் பெரியது.

ஊசிகள் போட்டார்கள். வாரக்கணக்கில் கிடந்து பிள்ளை தேறினாள். ஆனால் என் கணவர் அந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் எடுத்து, எங்களைக் கோப்பாய்க்குக் கொண்டுவந்தார். "அந்தாளின்ரை வளவிலை என்ரை பிள்ளையின்ரை கால் படாது" என்றார். ஏழு வருடம் படவில்லை.

புறப்பட்ட அன்று, சாமான் எடுக்க நான் மட்டும் வடகரைக்குப் போனபோது, கொட்டிலடியில் பெரியத்தானைப் பிடித்துக்கொண்டேன். சாம்பிராணிச் சட்டியிலிருந்து அரைகுறையாய் எரிந்த ஒரு பலகைத் துண்டை, டொக்டர் கேட்ட அன்றே வந்து எடுத்து மறைத்துவிட்டதாகச் சொன்னார்.

"நான் சொல்லிப்போடுறன் பெரியத்தான். ஏலாது."

"விசர்க்கதை கதையாதை. அவன் என்னோடை கோவிச்சா எனக்கொரு தம்பி இல்லை, அவ்வளவுதான். உன்னோடை கோவிச்சா? அந்தப் பிள்ளையை ஆர் பாக்கிறது? கோவக்காரன் எண்டு தெரியுந்தானே. நான்தானே வளத்தனான்."

அதன்பின் அவர் ஈயம் தொடவில்லை. வளவு மண்ணைச் சாண் ஆழத்துக்குச் சுரண்டினார். அதைக் கடலில் கொட்டச் சொன்னவர்களிடம், "மீன் தின்னும். அந்த மீனை நீ தின்பாய்" என்றார். தாட்டுவிடச் சொன்னவர்களிடம், "எங்கடை நிலம் கல்லுநிலம். இண்டைக்குத் தாட்டால் நாளைக்குக் கிணத்துக்கை நிக்கும்" என்றார். சீமெந்துத் தொட்டி கட்டி, மண்ணையும் துணிக்கைகளையும் அதற்குள் போட்டு, மேலேயும் பூசி மூடினார். வலைக்குச் சுட்ட களிமண் குண்டு கட்டினார். அது பாரம் போதாமல் நீரோட்டத்தில் அலைந்தது. "செல்லத்துரையற்றை வலை கடலிலை இல்லை, ஆகாயத்திலை கிடக்குது" என்று கரையில் பகிடி பண்ணினார்கள். "ஓம், கொக்குப் பிடிக்கப்போறன்" என்பார். ஆனால் வீடு வீடாய்ப் போய், தங்கள் பிள்ளைகள் குண்டுகளை வாயில் வைக்கிறார்களா என்று கேட்டது அவர் ஒருவர்தான். பல்லால் கடித்துக் குண்டை நெரிக்கும் பழக்கத்தைப் பல வீடுகள் அவரால்தான் விட்டன.

ஈயம் அவரையும் விடவில்லை. வலது கை மணிக்கட்டில் தொங்கியது. பிறகு சிறுநீரகம் பழுதானது. என் கணவர் கந்தோருக்குப் போனபின் இரண்டு மூன்றுதரம் பஸ்ஸில் வந்தார். படலைக்கு வெளியே நின்றபடியே வதனி பள்ளிக்கூடம் போவதைப் பார்ப்பார். பக்கத்து வெங்காயத் தோட்டத்தில் மருந்தடிக்கும் நாள்களில் நான் சன்னல்களைச் சாத்தி, கீரையை ஐந்துதரம் அலசுவதைக் கேள்விப்பட்டு, "காத்தையும் கழுவியோ பிள்ளை குடுக்கிறாய்?" என்றார். பிறகு சிரிப்பை நிறுத்தி, "எழுத்து எப்பிடி வருகுது?" என்று கேட்டார். பிந்தித்தான் வருகிறது, எழுத்துகள் தடுமாறுகின்றன என்று சொன்னேன். "பிந்தி வந்தால் என்ன, வரும். அடிச்சுப்போடாதை" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது.

என் கணவர் கொள்ளி வைத்தார், கடமைக்கு. அழவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கன்று காலை, கீரிமலைக்குப் போக வேட்டியை உதறிக்கொண்டிருந்தவரிடம் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும். பெரியத்தான் சொன்ன எச்சரிக்கையையும், நான் "ஓம்" என்றதையும். வேட்டி கையிலேயே இருந்தது. அடிப்பார் என்று நினைத்தேன். "ஏழு வருசம்" என்றார். திரும்பவும், "ஏழு வருசமடி" என்றார். பிறகு, பக்கத்து வீட்டில் விட்டுப்போவதாக இருந்த வதனியை அவரே கிணற்றடிக்குக் கூட்டிச் சென்று முழுகவார்த்தார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிட வேண்டும். வளவில் பற்றறிப் பலகை கிடக்கும் வீட்டுத் தாய்மாரே, அது நன்றாக எரியும். எரிக்காதீர்கள்.

கீரிமலையில் ஐயர் மந்திரம் முடிக்க, பிண்டத் தட்டோடு என் கணவர் கடலுக்குள் இறங்கினார். நெஞ்சளவு தண்ணீரில் நின்று திரும்பி, வதனியைக் கேட்டார். தூக்கிக் கொடுத்தோம். அவளுடைய கையையும் தட்டின் கீழ் வைத்துக்கொண்டு, "பெரியப்பா எண்டு கூப்பிடு" என்றார். அவள் அந்தச் சொல்லை அதற்குமுன் சொன்னதில்லை.

"கேக்குமோ அப்பா?" என்றாள்.

"தெரியாது. உரத்துக் கூப்பிடு."

கூப்பிட்டாள். இரண்டாம் தரம் அவரும் சேர்ந்து, "அண்ணை" என்று கத்தினார். தட்டு சரிந்து, அலை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது.

பெரியத்தான், உங்கள் மேலிருந்த பழியை என் பெயருக்கு மாற்றிவிட்டேன். போய் வாருங்கள்.