அக்காவுக்குக் கிடைத்த கேம்ப்

நானும் அக்காவும் தாம்பரத்தில் ஒரே பள்ளியில் படித்தோம். இருவருமே கைட்ஸ் என்ற சாரணியர் படையில் இருந்தோம். அவள் எனக்கு மூன்று வகுப்பு மேலே. அவள் போட்ட நீலச் சீருடையைத்தான் இடுப்பில் பிடித்துத் தைத்து அம்மா எனக்குக் கொடுத்தார்.

அவள் காலத்தில் பொறுப்பிலிருந்த டீச்சர் பிள்ளைகளை ஏலகிரிக்கும் ஏற்காட்டுக்கும் கூட்டிப்போனார். அக்கா கூடாரம் அடித்தாள், கல் அடுப்பு மூட்டிச் சோறு வடித்தாள். வீட்டுக்கு வரும்போது அவள் தலைமுடியில் புகை வாடை அடிக்கும். குளிக்கச் சொல்லி அம்மா விரட்டுவதற்குள் நான் அவளை ஒட்டி உட்கார்ந்துகொள்வேன்.

நான் சேர்ந்த வருடம் அந்த டீச்சர் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டார். அடுத்துப் பொறுப்பேற்ற கணக்கு டீச்சருக்கு வெயிலே ஆகாது. ஆண்டு விழாவில் விருந்தினருக்கு நாற்காலி காட்டினோம். விளையாட்டு விழாவில் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்தோம். கேம்ப் எப்போது மிஸ் என்று நான் கேட்டதற்கு, முதலில் ஷூவுக்குப் பாலிஷ் போடு என்றார்.

அக்காவின் கேம்ப் தோழிகள் இன்றும் குரோம்பேட்டையில் அவள் வீட்டில் கூடுவார்கள். பேச்சு அட்டைப்பூச்சி கடித்த கதையில் தொடங்கிக் கேம்ப் பாட்டுகளில் முடியும். நான் அடுக்களையில் வடை சுட்டுக்கொண்டிருப்பேன். கூப்பிடுவார்கள், போகமாட்டேன். அந்தப் பாட்டு எதுவும் எனக்குத் தெரியாது.

போன மழையில் பீர்க்கன்கரணை ஏரி நிரம்பி எங்கள் தெருவில் முழங்கால் வரை தண்ணீர் நின்றது. என்னைப் பார்க்க வந்த அக்கா திரும்பிப் போக முடியாமல் மாட்டிக்கொண்டாள். மூடாத கால்வாய் எங்கே இருக்கிறதென்று கண்ணுக்குத் தெரியவில்லை. ஜனங்கள் பிடித்துக்கொண்டு நடக்க, எங்கள் கேட்டிலிருந்து எதிர்வீட்டு கேட்டுக்குக் கயிறு கட்டலாம் என்றாள் அக்கா. எங்கள் பக்கத்தை அவளே கட்டினாள். மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு சார் அசந்துபோனார்.

"எங்கேம்மா கத்துக்கினீங்க இதெல்லாம்?"

"ஸ்கூல்ல கைட்ஸ்ல இருந்தேன் சார். இவளும்தான்."

"அப்ப எங்க பக்கம் நீங்க கட்டுங்க" என்று அவர் அந்த முனையை என்னிடம் நீட்டினார்.

தண்ணீரில் நடந்துபோய் அவர் வீட்டு கேட்டில், பாவாடை நாடாவுக்குப் போடுவதுபோல இரண்டு முடிச்சுப் போட்டேன். பால் பாக்கெட்டோடு வந்த ஒரு அம்மா கயிற்றைப் பிடித்ததும் அவிழ்ந்துவிட்டது. நல்லவேளை, அவர் விழவில்லை. அக்கா தண்ணீரில் இறங்கி வந்து, ஒன்றும் சொல்லாமல் திரும்பக் கட்டினாள். அவள் ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

மாலையில், "வா, சொல்லித் தர்றேன். ஈஸிதான்" என்றாள்.

"உனக்கு மட்டும் எப்படி அந்த டீச்சர் கெடைச்சாங்க?"

"அதுக்கு நான் என்னடி பண்ணுவேன்?"

நியாயமான பதில். எரிச்சல் இன்னும் கூடியது. முடிச்சை அவள் இப்போதும் சொல்லித் தரலாம். பன்னிரண்டு வயதில் மலையில் ஒரு கல் அடுப்பு முன்னால் உட்கார்ந்து, என் சோறு குழைந்ததற்கு எல்லோரும் சிரிப்பதை அவளால் எப்படித் தர முடியும்? வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மறுநாள் காலை அவளுக்குக் காபி கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை போட மறந்துவிட்டாய் என்றாள்.

நான் மறக்கவில்லை.