ஆரியங்காவில் இறங்கிய அப்பா

புனலூரிலிருந்து செங்கோட்டைக்கு மலை வழியாக ஒரு சின்ன ரயில் ஓடிக்கொண்டிருந்தது. வெள்ளைக்காரன் காலத்துப் பாதை. அதைப் பெயர்த்துவிட்டு அகலப்பாதை போடப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட வருடம் நான் நாலாம் வகுப்பு. ஓமானிலிருந்து விடுப்பில் வந்திருந்த மாமா, அதாவது அம்மாவின் தம்பி, "இப்பப் பாக்கலேன்னா பொறவு பாக்க முடியாது" என்று சொல்லி, ஒரு சனிக்கிழமை விடியுமுன்பே எங்கள் மூவரையும் கிளப்பிவிட்டார்.

ரயில் மட்டும் மாமாவின் நோக்கமல்ல. தன்னுடைய கம்பெனியில் அப்பாவுக்கு ஒரு விசாவுக்குச் சொல்லி வைத்திருந்தார். அப்பா தக்கலைக்கு அப்பால் ஒரு கல்குவாரியில் பாறையைத் துளைத்து வெடி வைப்பவர். ஓமானில் வெடி கிடையாது. கிடங்கைப் பார்த்துக்கொண்டால் போதும். அப்பா தூரதேசம் போய்விடுவாரே என்று எனக்கு அந்த விசாவைக் கண்டாலே ஆகாது. அம்மாவுக்கோ அதைத் தவிர வேறு நினைப்பில்லை.

கரும்புகை விடும் எஞ்சினை எதிர்பார்த்துப் போனேன். டீசல் எஞ்சின்தான் வந்தது. பெட்டி நிறைய எங்களைப்போல வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அம்மா அப்பாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்துகொண்டாள். நான் கேட்டும் அந்த இடத்தை விட்டுத் தரவில்லை.

"அத்தானுக்குப் பாஸ்போர்ட் எடுத்தாச்சா?" என்றார் மாமா.

"எடுத்தாச்சுலே" என்றாள் அம்மா.

"அத்தான், அங்க வெயிலு ரொம்பக் கடுப்பமாக்கும்."

"குவாரியில மட்டும் நெழலா இருக்கு?" அதற்கும் அம்மாதான்.

அப்பாவை வாய் திறக்கவே விடமாட்டாளா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அப்பா சிரித்துக்கொண்டு வெளியே பார்த்திருந்தார். வழியில் பாதி வெட்டி எடுத்த மலைகள் சில தெரிந்தன. குவாரிகள். பதின்மூன்று கண் பாலத்தில் வண்டி ஏறியபோது எல்லோரும் ஒரு பக்கமாக முண்டியடித்தார்கள். அப்பா மட்டும் மறுபக்கம் பாறையைப் பார்த்து, "நல்ல உறுதியுள்ள கல்லு மக்கா" என்றார்.

ஆரியங்காவில் வண்டி நின்றது. அதற்கப்புறம் மலையைக் குடைந்த நீளமான குகை. அப்பா என் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்துக்கொண்டு இறங்கினார். குழாயில் பிடித்தவர் திரும்பி வராமல், பாதைக்காக வெட்டிய பாறைச் சுவர் ஒன்றின் அருகே போய் நின்றார். அந்தக் காலத்தில் வெடி வைக்கக் கையால் துளைத்த குழிகளின் தடம் அதில் இருந்தது. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, விரலால் அதைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எஞ்சின் கூவியது. அப்பா திரும்பவில்லை. மறுபடியும் கூவிவிட்டு வண்டி நகர்ந்தது.

"அத்தான்! அத்தான்!" மாமா வாசலில் தொங்கிக்கொண்டு தொண்டை கிழியக் கத்தினார். முன்பின் தெரியாதவர்கள்கூடக் கூப்பிட்டார்கள். அம்மா மட்டும் கூப்பிடவில்லை. பையிலிருந்து ஒரு ஆரஞ்சுப் பழத்தை எடுத்தாள். மாமாவைத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய், ஓங்கி எறிந்தாள். பழம் அப்பாவின் முகத்துக்கு நேராகப் பாறையில் அடித்துச் சிதறியது. அப்போதுதான் அவர் திரும்பினார். ஓடி வந்தார். அதற்குள் எங்கள் பெட்டி அவரைத் தாண்டிவிட்டது.

குகைக்குள் ஒரே இருட்டு. ஆட்கள் கூச்சலிட்டார்கள், விசிலடித்தார்கள். அப்பா ஏறினாரா இல்லையா என்று எங்களுக்குத் தெரியவில்லை. நான் அழுதேன். அம்மாவின் கை என் தோளை வலிக்க வலிக்கப் பிடித்திருந்தது.

பகவதிபுரத்தில் வண்டி நின்றதும் கடைசிப் பெட்டிப் பக்கமிருந்து அப்பா நடந்து வந்தார். சட்டை நனைந்திருந்தது. பாட்டிலை என்னிடம் நீட்டி, "வெள்ளம் கொஞ்சம் சிந்திப் போச்சு மக்கா" என்றார்.

யாரும் அவரைத் திட்டவில்லை. வண்டி கிளம்பியதும் அப்பா மறுபடி ஜன்னலோரம் உட்கார்ந்து மலையைப் பார்த்தார். மாமா அவர் பின்னாலிருந்து, "அத்தான்" என்றார். சற்றுப் பொறுத்து, இன்னும் சத்தமாக, "அத்தான்" என்றார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

"எப்பருந்துக்கா?"

"ரெண்டு வருசமாச்சு."

"எங்கிட்டச் சொல்லப்பிடாதா? மெடிக்கல்ல பிடிச்சிருவானுவளே."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்பா பக்கத்தில்தான் இருந்தார். அதன்பின் விசாவைப் பற்றி யாரும் பேசவில்லை.

வெளிநாடு போகிறவர்களுக்கு நடக்கும் உடல் பரிசோதனைக்கும் மெடிக்கல் என்றுதான் பெயர் என்பது எனக்கு அப்போது தெரியாது. நான் அறிந்த மெடிக்கல், மாத்திரை விற்கும் கடை. ஓடுகிற ரயிலில் ஏறுவது குற்றம் என்று ஸ்டேஷனில் எழுதிப் போட்டிருந்ததைப் படித்திருந்தேன். அதற்காக அப்பாவைப் பிடிக்கப் போகிறார்கள், என்ன காரணத்தாலோ பிடிக்கும் பொறுப்பு மெடிக்கல்காரர்களுடையது என்று முடிவு செய்துகொண்டேன்.

செங்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து, இருட்டத் தொடங்கும் நேரத்தில் எங்கள் ஊர் வடசேரி பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். வெளியே வந்தால், நாங்கள் வழக்கமாக மருந்து வாங்கும் மெடிக்கல். நான் அப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தேன். அப்படியும் கடைக்காரர் பார்த்துவிட்டார்.

"அண்ணாச்சி!" என்று பின்னாலிருந்து கூப்பிட்டார். "ஓய் அண்ணாச்சி!"

அப்பா திரும்பவே இல்லை. நேரே பார்த்தபடி என்னோடு நடந்து வந்தார். காதில் விழாததுபோல என்னமாய் நடிக்கிறார் என்று எனக்கு ஒரே பெருமையாக இருந்தது.