சன்னதி சேராத பஞ்சாமிர்தம்

முருகன் செய்ததை மறைத்து வைத்தால் நன்றிகெட்டவள் ஆவேன். அதனால் எழுதுகிறேன். ஒரு வருஷமாக எழுதாமல் இருந்ததற்குக் காரணம் வெட்கம். நம் வெள்ளிக்கிழமை பூஜைக்கு வருகிற பெண்களுக்கு என்னைத் தெரியும். விளக்கை இந்தப் பக்கம் வை, பூவைக் கிள்ளாதே என்று எல்லோருக்கும் சட்டம் பேசுகிற ஆள் நான்தான். "செல்வி அக்கா இருந்தா தப்பு நடக்காது" என்று நீங்கள் சொல்லும்போது உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். அந்த செல்வி அக்கா செய்த தப்பைத்தான் இப்போது படிக்கப் போகிறீர்கள்.

என் வீட்டுக்காரருக்குப் பதினெட்டு வருஷமாக இனிப்பு நீர், அதாவது சர்க்கரை வியாதி. கடைசி ஆறு வருஷமாக இன்சுலின் ஊசி. சுங்கைப்பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலை ஒன்றில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அங்கே போடுகிற கனத்த பூட்ஸ் உரசி, வலது கால் பெருவிரலில் ஒரு கொப்புளம் வந்தது. கொப்புளம் புண்ணானது. புண் மூன்று மாதம் ஆறவில்லை. விரல் கறுத்துக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: விரலை எடுக்க வேண்டி வரலாம், தள்ளிப்போட்டால் கால் வரைக்கும் போகலாம். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன்.

என்னோடு வேலை செய்யும் ஒரு பெண்தான் லங்காவித் தீவில் இருக்கும் முருகனைப் பற்றிச் சொன்னாள். கடல் தாண்டிப் போய் வேண்டினால் கைவிடமாட்டான் என்றாள். அன்றே சிடாம் கிரியில் எங்கள் வீட்டுப் பூஜையறையில் நின்று வேண்டிக்கொண்டேன். "முருகா, இந்த விரல் பிழைத்தால் என் கையாலேயே பஞ்சாமிர்தம் செய்து கடல் தாண்டிக் கொண்டுவருகிறேன். உனக்கு அபிஷேகம் ஆகும்வரை என் வீட்டுக்காரர் பச்சைத் தண்ணீரைத் தவிர ஒன்றும் தொடமாட்டார்."

வேண்டிக்கொண்டது நான். பட்டினி கிடக்க வேண்டியது அவர். அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை.

புண் ஆறியது. ஐந்தே வாரம். டாக்டருக்கே ஆச்சரியம். பங்குனி உத்திரத்துக்குப் போவதென்று முடிவு செய்தோம். அந்த வருஷம் மலாய்க்காரர்களின் நோன்பு மாதமும் அதே சமயம் வந்தது. கூட்டம் இருக்காது, நிம்மதியாகப் போய்வரலாம் என்று நினைத்தேன்.

முதல் நாள் மாலை தலைக்குக் குளித்து, வாயில் துணி கட்டிக்கொண்டு பஞ்சாமிர்தம் பிசைந்தேன். பிசாங் மாஸ் வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், பேரீச்சை, கற்கண்டு, நெய். சாமிக்குப் போவதை ருசி பார்க்கக்கூடாது, முகரவும் கூடாது. சன்னதி போய்ச் சேரும்வரை தரையில் வைக்கக்கூடாது. இது எங்கள் வீட்டு வழக்கம். எவர்சில்வர் குடத்தில் நிரப்பி, மூடி போட்டு, மஞ்சள் துணியால் இறுக்கிக் கட்டினேன்.

காலை ஐந்தரைக்கு அவருக்கு ஊசி போட்டேன். அதுதான் நான் செய்த பெரிய தப்பு. ஊசி ஒரு நாள் தவறினால் ரத்தத்தில் இனிப்பு ஏறி, ஆறின புண் திரும்பிவிடும் என்ற பயம் எனக்கு. அவர் சட்டையை இறக்கிவிட்டுக்கொண்டே கேட்டார்.

"ஊசி போட்டா சாப்பிடணும்ல, செல்வி?"

"பத்து மணிக்கெல்லாம் அபிஷேகம் முடிஞ்சிரும். சாமிக்காக ஒரு நாள் தாங்க மாட்டீங்களா?"

"சரி, தாங்குறேன்லா," என்றார்.

முப்பது வருஷமாக அவர் எனக்குச் சொல்லிவரும் பதில் அதுதான். லங்காவி ஃபெரி புறப்படும் கோலா கெடா வரை காரை அவரே ஓட்டினார். நான் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வழியில் ஏதாவது ஆகியிருந்தால்?

பங்குனியில் கடல் அமைதியாக இருக்கும் என்பார்கள். அன்று காற்று வேறு மாதிரி இருந்தது. காலை ஃபெரி புறப்படவில்லை. அலை அடங்கட்டும் என்று உட்காரவைத்துவிட்டார்கள். ஒரு மணி நேரம் ஆனது. இரண்டு ஆனது. நோன்பு மாதம் என்பதால் படகுத்துறைப் பக்கத்துக் கடைகள் எல்லாம் அடைத்திருந்தன. ஒரே ஒரு சீனர் கடை திறந்திருந்தது. என் வீட்டுக்காரர் அந்தக் கடையைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டார். நெற்றியில் வேர்வை. என்ன இப்படி வேர்க்கிறது என்று கேட்டேன். வெயில் என்றார். அன்று வெயிலே இல்லை.

ஃபெரி கிளம்பும்போது மணி பத்தைத் தாண்டிவிட்டது. உள்ளே முக்கால்வாசி இருக்கைகள் காலி. தின்பண்டம் விற்கும் சின்ன கவுண்டரைக் காலி செய்து, துணி போட்டு மூடியிருந்தார்கள். கரை மறைந்ததும் படகு தூக்கித் தூக்கிப் போட ஆரம்பித்தது. வேகத்தைக் குறைத்துவிட்டார்கள். முன்வரிசையில் யாரோ வாந்தி எடுத்தார். நான் குடத்தை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு கந்தா, கடம்பா என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போது அவர் என்னைப் பார்த்து, "பஞ்ச் கார்டு அடிச்சிட்டியா?" என்றார்.

தொழிற்சாலையில் வருகை பதியும் அட்டை அது. விளையாடுகிறார் என்று நினைத்தேன். திரும்பவும் கேட்டார். குரல் குழறியது. விரல்கள் உதறின. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது, கையைத் தொட்டால் ஐஸ். ஏங்க, ஏங்க என்று கூப்பிட்டேன். அவர் தலை என் தோளில் சாய்ந்து, அங்கிருந்தும் சரிந்தது. அவரைப் பிடிக்க எனக்குக் கை இல்லை. இரண்டு கையிலும் குடம்.

கேளுங்கள் சகோதரிகளே, அப்போதும் நான் குடத்தைக் கீழே வைக்கவில்லை.

எதிர் வரிசையிலிருந்த ஒரு மலாய்ப் பெண்தான் ஓடிவந்து அவரைத் தாங்கினார். என் வயதுதான் இருக்கும். கிளினிக்கில் வேலை செய்கிறவர் என்று பிறகு சொன்னார். என் வீட்டுக்காரரின் கண் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "கக்காக், டியா அட கெஞ்சிங் மானிஸ் கே?" என்று கேட்டார். அக்கா, இவருக்கு இனிப்பு நீரா என்கிறார். ஆமாம் என்றேன். ஊசியைச் சொன்னேன், சாப்பிடவில்லை என்பதையும் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது. உடனே இனிப்பு ஏதாவது கொடுக்க வேண்டும், சீனி இருக்கிறதா, எதுவானாலும் பரவாயில்லை என்று மலாயில் படபடவென்று கேட்டார்.

"தாக் அட," என்றேன். இல்லை என்றேன்.

பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. உண்மையாகவே இல்லை என்றுதான் நினைத்தேன். மடியில் இருந்தது முருகனுடையது. அது எங்கள் பொருள் என்ற எண்ணமே எனக்கு வரவில்லை.

அந்தப் பெண் எழுந்து நின்று எல்லோரையும் கேட்டார். எல்லோரும் நோன்பு, யாரிடமும் தின்ன ஒன்றும் இல்லை. ஒரு சீனப் பெரியவர் பையைத் துழாவி மிட்டாய் ஒன்று எடுத்துக் கொடுத்தார். பார்த்தால் சீனி போடாதது. படகுக்காரர் ஒருவர் கீழே போய்த் தேடுகிறேன் என்று போனார். அவர் திரும்பி வரவில்லை. என் வீட்டுக்காரரின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. கண்ணில் வெள்ளை மட்டும் தெரிந்தது.

இவர் போய்விடுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஜித்ராவில் இருக்கும் எங்கள் ஒரே மகளுக்கு என்ன பதில் சொல்வேன்? அம்மா வேண்டிக்கொண்டாள், அப்பா செத்தார் என்றா? கண்ணை மூடிக்கொண்டு கத்தினேன். சத்தமாகத்தான் கத்தினேன். "முருகா, காலைக் கொடுத்துட்டு ஆளை எடுத்துக்கிறியா? ஏதாச்சும் கொடுடா. யார் கையிலயாவது கொடுடா."

சொல்லி முடிக்கவில்லை, ஒரு பெரிய அலை. படகு பக்கவாட்டில் சாய்ந்தது. குடம் என் மடியில் உருண்டு, துணி நனைந்து, என் உள்ளங்கை பிசுபிசுத்தது. தேனும் பழமும் கலந்த வாசனை அந்தக் குளிர் காற்றில் குப்பென்று எழுந்தது.

அப்போதும் என் மனதில் முதலில் வந்தது, ஐயோ, சிந்திவிட்டதே என்பதுதான்.

அந்தப் பெண்ணின் கண் குடத்தின் மேல் போனது. "இனி அப்பா?" என்று கேட்டார், இது என்ன என்று. கையை நீட்டிவிட்டார். "உந்தோக் துஹான்," என்றேன். சாமிக்கு என்றேன். நீட்டிய கையை அவர் சட்டென்று இழுத்துக்கொண்டார். அடுத்தவர் சாமி பொருளைத் தொடக்கூடாது என்ற மரியாதை அவருக்கு இருந்தது. என்னையே பார்த்தார். அவர் கை என் வீட்டுக்காரரின் தலையைத் தாங்கியிருந்தது.

கேட்டதைக் கொடுத்துவிட்டு, நான் என்ன செய்கிறேன் என்று முருகனும் பார்த்துக்கொண்டிருந்தான் என்றுதான் நம்புகிறேன்.

முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். துணியைத் தூக்கி எறிந்துவிட்டு, குடத்தைத் தரையில் வைத்தேன். மூன்று விரலால் அள்ளி அவர் வாயருகே கொண்டுபோனேன். அந்தப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தி, மொத்தமாக வேண்டாம், கொஞ்சமாகக் கன்னத்துக்கு உள்பக்கம் தடவு என்றார். கட்டிகளை ஒதுக்கிவிட்டுத் தேனும் சாறுமாகத் தடவினேன். வழிந்தது. துடைத்துவிட்டுத் திரும்பத் தடவினேன். அந்தப் பெண்ணின் கையெல்லாம் அப்பிக்கொண்டது. நோன்பிருப்பவர் அந்த விரல்களை விரித்தபடியே, என் வீட்டுக்காரரின் தாடையைத் தாங்கிக்கொண்டிருந்தார்.

தொண்டை அசைந்தது. விழுங்கினார். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு கண் இமை இறங்கி, திரும்பத் திறந்தது. கறுப்பு விழி தெரிந்தது. என்னைப் பார்த்தார். வாயில் இருந்ததைச் சப்பிப் பார்த்துவிட்டு, பயந்துபோன மாதிரி நிறுத்திக்கொண்டார்.

"அபிஷேகம் ஆயிருச்சா?" என்று கேட்டார்.

செத்துப் பிழைத்த மனிதர் என்னிடம் அனுமதி கேட்கிறார்.

"ஆயிருச்சுங்க," என்றேன். "ஆயிருச்சு. சாப்பிடுங்க."

லங்காவியின் குவா படகுத்துறையில் ஆம்புலன்ஸ் நின்றது. படகுக்காரர்கள் சொல்லி வைத்திருந்தார்கள். அந்த மலாய்ப் பெண் கழிவறைக்குப் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, அவர் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்தார்கள். மறுநாள் மகள் வந்தாள். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பி ஒரே கேள்விதான் கேட்டாள். "ஊசி போட்டு பட்டினி போட்டது யாரும்மா?" அப்புறம் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. அவள் மேல் தப்பில்லை.

அவரை வார்டில் மகளிடம் விட்டுவிட்டு, கழுவிய குடத்தோடு நான் மட்டும் கோவிலுக்குப் போனேன். குருக்களிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாமி பொருள் வழியிலேயே எச்சிலாகிவிட்டது, பரிகாரம் சொல்லுங்கள் என்று கேட்டேன்.

"இப்ப அவரு எப்படிம்மா இருக்காரு?" என்றார்.

"எழுந்து உட்கார்ந்துட்டாரு சாமி."

"அப்ப ஆக வேண்டியது ஆயிருச்சு," என்று சொல்லி, கற்பூரத்தைக் காட்டித் திருநீறு கொடுத்தார். வேறொன்றும் சொல்லவில்லை. கடினமாக ஏதாவது பரிகாரம் சொல்லியிருந்தால் எனக்கு மனம் ஆறியிருக்கும். இன்றைக்கும் சரியாக ஆறவில்லை. சாப்பாடு ஐந்து நிமிஷம் தாமதமானால் அவர் கையை நான் பிடித்துப் பார்க்கிறேன், சில்லிட்டிருக்கிறதா என்று. தூக்கத்தில் அவர் புரண்டு படுத்தாலும் எழுந்துகொள்கிறேன்.

ஆனால் அவர் இருக்கிறார். பத்து விரலோடு நடக்கிறார். கூப்பிட்ட குரலுக்கு முருகன் வந்தான், அதற்கு நானே சாட்சி. இந்தப் பங்குனிக்குப் புறப்படும்போது காலையில் தோசை சுட்டு அவர் முன்னால் வைத்தேன். விரதம் என்று தட்டைத் தள்ளினார். "உங்க பேர்ல இனி நான் எதையும் வேண்டிக்க மாட்டேன்," என்றேன். அவர் தட்டை இழுத்துக்கொண்டு நாலு தோசை சாப்பிட்டார்.

கஷ்டத்தில் இருக்கிற அக்கா, தங்கச்சிகளே, முருகனைக் கூப்பிடுங்கள். வெட்கப்படாமல் சண்டை போட்டே கூப்பிடுங்கள், அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். விரதம் இருக்க வேண்டுமானால் உங்கள் வயிற்றில் இருங்கள், அடுத்தவர் வயிற்றை நேர்ந்துவிடாதீர்கள். ஊசி போட்டவருக்கும் மாத்திரை போட்டவருக்கும் முதலில் சோறு போடுங்கள். அபிஷேகம் கொஞ்சம் தாமதமானால் அவன் பொறுத்துக்கொள்வான். பசித்த மனிதனால் அது முடியாது.