குதிரைக்கு வீடு பார்ப்பவள்

என் அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஆனால் முப்பத்தொரு சம்பந்தம் முடித்து வைத்திருக்கிறாள். எல்லாம் குதிரைகளுக்கு.

ஒரு குதிரையேற்றப் பள்ளியில் லாயத்துக்கு அவள்தான் பொறுப்பு. பிள்ளைகள் ஏறிப் பழகும் குதிரைக்கு இருபது வயது தாண்டினால் முதுகு இறங்கிவிடும், மூட்டு பிடித்துக்கொள்ளும். வேலை குறையும், தீனி குறையாது. முதலாளி லாயத்து வாசலில் நின்று, "இதுக்கு ஒரு வழி பண்ணும்மா" என்பார். ஒரு வழி என்று அவர் சொன்னாலும் இருப்பது இரண்டு. யாராவது நல்ல மனிதர் வீட்டோடு வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் தரகரின் லாரி வரும். அந்த லாரி எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை, தரகரும் சொல்வதில்லை. பத்தொன்பது வருஷமாக அக்கா அதை வாசலுக்குள் விட்டதில்லை.

நான் பள்ளியின் குதிரை வண்டியை ஓட்டுகிறேன். குதிரை இழுக்கும் வண்டி அல்ல. குதிரை உள்ளே சொகுசாக நிற்கும், நான் ஓட்டுவேன். முப்பத்தொன்றையும் புகுந்த வீட்டில் இறக்கிவிட்டவன் என்கிற முறையில் அக்காவைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

லாயத்து ஆட்கள் அவளுக்கு வைத்த பெயர் 'விசாரணை'. குதிரை வேண்டும் என்று யார் கேட்டாலும் முதலில் அவர்கள் வீட்டுக்குப் போவாள். தண்ணீர்த் தொட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு அடியில் பாசி இருக்கிறதா என்று தடவுவாள். வேலிக் கம்பங்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்ப்பாள். வீட்டில் எத்தனை பேர், யார் யார் கோபக்காரர், வெளியூர் போனால் யார் தீனி வைப்பது, எல்லாம் கேட்பாள். ஒரு மனிதர் பொறுமை இழந்து, "ஏம்மா, நீங்க குதிரை குடுக்கறீங்களா, பொண்ணு குடுக்கறீங்களா?" என்றே கேட்டுவிட்டார்.

"பொண்ணுன்னா கஷ்டம்னா போன் பண்ணிச் சொல்லுவா சார். இது சொல்லாது" என்றாள் அக்கா. அவர் வாயை மூடிக்கொண்டு வேலியைச் சரிசெய்தார்.

மூன்று மாதம் கழித்துச் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு நாள் போய்ப் பார்ப்பாள். குதிரை சௌக்கியமாக இருந்தால் திரும்பி வந்து நோட்டில் அதன் பெயரை அடித்துவிடுவாள். அதன் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள். "என் லாயத்துல ஒரு குதிரை செத்ததில்லடா" என்பது அவளுடைய பெருமை. எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

ஆனால் விசாரணை ஒருபக்கம் மட்டும்தான் நடக்கும். குதிரையைப் பார்க்க ஆள் வருகிற அன்று காலையில் அக்கா தவிட்டை நனைத்து அதில் ஒரு பொட்டலம் வலி மருந்துப் பொடியைக் கலப்பாள். இரண்டு மூன்று நாளைக்குக் குதிரை நொண்டாது. எல்லா லாயங்களிலும் செய்வதுதான். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று வாங்குகிறவருக்குத்தான் பழமொழி இருக்கிறது. கொடுக்கிறவருக்கு ஒன்றும் இல்லை. நான் ஒருதரம் கேட்டதற்கு, "ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்டா" என்றாள். பண்ணலாம். கல்யாணத்துக்கு மறுநாளிலிருந்து குடும்பம் நடத்துவது யார் என்று எனக்கும் அப்போது தோன்றவில்லை.

அதைச் சொன்னது ஒரு தையல்காரம்மா. மூன்று வருஷத்துக்கு முன் எங்களிடமிருந்து 'சோம்பேறி' என்கிற பழுப்புக் குதிரையைக் கொண்டுபோனவர். கடைக்குப் பின்னால் வீடு, வீட்டுக்குப் பின்னால் வேலி போட்ட நிலம். புருஷன் இல்லை, பிள்ளைகள் வெளியூரில். ஒரு புதன்கிழமை காலையில் அக்காவுக்குப் போன் வந்தது. அக்கா கை ஈரமாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, சோம்பேறி படுத்துடுச்சு. எழுந்திருக்க முடியல. ஊசி போட்டு அனுப்பிடலாம்ங்கறார் டாக்டர். எனக்குப் பயமா இருக்கு. நீங்க வந்து பக்கத்துல நிக்கறீங்களா?"

"இன்னைக்கு லாயத்துல ஆள் இல்லம்மா" என்றாள் அக்கா. "தம்பியை அனுப்பறேன்."

ஆள் இருந்தார்கள். நாலு பேர் குழாயடியில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன், அக்கா என்னைப் பார்க்கவில்லை.

நான் போனபோது தையல்காரம்மா மண்ணில் உட்கார்ந்து குதிரையின் தலையை மடியில் வைத்திருந்தார். கழுத்தில் அளவெடுக்கும் டேப் தொங்கியது. கடையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருக்கிறார். டாக்டர் ஊசி போட்டார். அந்தம்மா கடைசி வரை தலையை விடவில்லை. நான் நாலடி தள்ளி, கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன்.

எல்லாம் முடிந்து கை கழுவும்போது அவர் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை.

"வந்த நாலாம் நாளே நொண்ட ஆரம்பிச்சுது. புது இடம், பழகிடும்னு நினைச்சேன். அப்புறம் டாக்டர்தான் இது வருஷக்கணக்கான வலின்னு தினம் போட மருந்து குடுத்தாரு. உங்கக்கா என்னை எத்தனை கேள்வி கேட்டாங்க, தண்ணித் தொட்டிகூட விடல. இதைச் சொல்லியிருந்தா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்? நடந்த காலமெல்லாம் உங்களுக்கு. விழுந்த நாள் மட்டும் எனக்கு."

திரும்பி வந்து அக்காவிடம் அப்படியே சொன்னேன். பூசி மெழுகவில்லை. அவளுக்குக் கோபம் வந்தது.

"நான் குடுக்கலைன்னா அது மூணு வருஷம் முன்னாடியே லாரி ஏறியிருக்கும். தெரியும்ல உனக்கு?"

தெரியும். அந்தம்மா சொன்னதும் சரி, அக்கா சொன்னதும் சரி. எனக்கு அதுதான் எரிச்சலாக இருந்தது. அக்கா மூன்று நாள் என்னோடு பேசவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை முப்பத்திரண்டாவது சம்பந்தம். குதிரையின் பெயர் வாத்தியார், வயது இருபத்தாறு. முன்னங்கால் மூட்டு இரண்டும் போய்விட்டன, மூச்சும் இழுத்தது. பொடி இல்லாமல் அதற்கு ஒரு நாள்கூடச் சுகமில்லை என்று பள்ளிக்கு வரும் டாக்டர் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை புதுக் குதிரை வருகிறது, கொட்டடி காலியாக வேண்டும், இல்லையென்றால் தரகருக்குச் சொல்லிவிடுவேன் என்று முதலாளி கெடு வைத்திருந்தார். அக்கா பார்த்து வைத்திருந்த வீடு ஓய்வுபெற்ற தபால்காரருடையது. நான் பார்த்ததிலேயே நல்ல இடம். வேலியை அக்கா ஆட்டியபோது அக்காதான் ஆடினாள்.

ஞாயிறு காலையில் தவிட்டை நனைத்து வைத்துவிட்டு, பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அக்கா வெகுநேரம் நின்றாள். பிறகு அதைப் பிரிக்காமலே இடுப்பில் செருகிக்கொண்டாள்.

நான் தவிட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். "அக்கா, இன்னைக்கு ஒரு நாள் போட்டுடு. அடுத்த குதிரைலேர்ந்து நல்லவளா இருந்துக்கலாம்."

"நீ சும்மா இருடா."

தபால்காரர் புதுத் தலைக்கயிறு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அக்கா வாத்தியாரை முற்றத்தில் நடத்திக் காட்டினாள். ஒவ்வொரு அடிக்கும் தலை மேலே போய்க் கீழே வந்தது. அதைப் பார்க்க வைத்தியம் படித்திருக்க வேண்டியதில்லை. அவர் கேட்கும் முன்பே அக்கா எல்லாவற்றையும் சொன்னாள்: மூட்டு, மூச்சு, பொடி, இதுவரை அந்தப் பொடியைப் பற்றி யாரிடமும் சொல்லாதது.

"ஒரு வருஷம் இருக்கலாம். மூணு மாசமாவும் இருக்கலாம். கடைசில யாராவது முடிவு எடுக்கணும். போன் பண்ணினா நான் வந்து நிப்பேன்" என்றாள்.

தபால்காரர் குதிரையின் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார். சரி என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"என் வீட்டுக்காரியை ரெண்டு வருஷம் இப்படித்தான் பார்த்துக்கிட்டேன்மா. தினம் காலைல, இன்னைக்கா நாளைக்கான்னு. இன்னொரு தடவை என்னால முடியாது. மன்னிச்சுக்குங்க. சொன்னீங்களே, அதுக்கு நன்றி."

புதுக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். அவருடைய நன்றியை வைத்துக்கொண்டு நாங்கள் என்ன செய்வது?

பொடி போட்டிருந்தால் அன்று சாயங்காலமே வாத்தியார் அவருடைய நிலத்தில் புல் மேய்ந்திருக்கும். இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாதா என்ன? தன் வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றால் அவள் இருப்பது இரண்டாம் மாடி. மத்தியானம் வரை தெரிந்தவர்கள் எல்லோருக்கும் போன் செய்தாள். எல்லோரிடமும் உண்மையைச் சொன்னாள். எல்லோரும் மரியாதையாக மறுத்தார்கள். மூன்று மணிக்கு, லாரிக்கு விடாமல் ஊசி போட்டுவிட டாக்டரைக் கூப்பிட்டாள்.

டாக்டர் வந்து பெட்டியைத் திறந்து, "யாரு புடிச்சுக்கறது?" என்று கேட்டார். அவ்வளவு நேரம் அங்கே நின்ற ஆட்களுக்கெல்லாம் திடீரென்று வேலை வந்துவிட்டது.

"நான்தான்" என்றாள் அக்கா.

இருபது நிமிஷத்துக்குமேல் ஆகவில்லை. குதிரை கால் மடங்கி இறங்கும்போது அக்காவும் கயிறோடு கூடவே இறங்கினாள். டாக்டர் காதுக்குழாயை நெஞ்சில் வைத்துக் கேட்டுத் தலையசைத்த பிறகும் அவள் எழுந்திருக்கவில்லை. இதுவரை ஒரு குதிரைக்கும் கண் கலங்கிப் பார்த்ததில்லை அவளை. இப்போது வாய்விட்டு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"தப்பு பண்ணிட்டேனாடா?" என்றாள்.

"தெரியலக்கா."

உண்மையாகவே எனக்குத் தெரியவில்லை. அவள் முந்தானையால் குதிரையின் வாயோரத்து நுரையைத் துடைத்தாள். அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆள் இல்லைன்னு பொய் சொன்னேன்டா அன்னைக்கு. இதையா அந்தம்மாவைத் தனியா உக்காந்து பாருன்னு விட்டேன்?"

நான் மறுகையால் வாத்தியாரின் தலைக்கயிற்றை அவிழ்த்தேன்.